வருமான வரிக்கு எந்தச் செயலி? பினாங்கில் என்னிடம் கேட்டதும் நான் சொன்னதும்

பிறையில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் பிறந்தால் போதும், கம்பெனி கொடுக்கும் ஆண்டுச் சம்பள விவரமான இ.ஏ பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக என் மேசைக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தட்டு வாங்கும் வரிசையில்கூட விடுவதில்லை. கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, வருமான வரி செய்ய எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்? நல்லதா ஒண்ணு சொல்லுங்க.

எதுவும் வாங்க வேண்டாம். மலேசியாவில் தனிநபர் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கருவியை வருமான வரி வாரியமே, அதாவது நாம் எல்லோரும் ‘ஹாசில்’ என்று சொல்லும் எல்.எச்.டி.என்னே, இலவசமாகத் தருகிறது. மைடேக்ஸ் தளத்துக்குள் போனால் இ-ஃபைலிங் இருக்கும். தனிநபர்களுக்கு 2006 முதல் இந்த வசதி உண்டு. எண்களைப் போட்டால் வரியை அதுவே கணக்கிட்டுக் காட்டும்.

வெளியே கிடைக்கும் செயலிகள் இரண்டு வேலைதான் செய்கின்றன: ரசீதைச் சேர்த்து வைப்பது, வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. எதில் கணக்குப் போட்டாலும் கடைசியில் நீங்கள் மைடேக்ஸில் நுழைந்து, எண்களைப் போட்டு, அங்கேதான் கையொப்பமிட வேண்டும். உரிமம் பெற்ற வரி முகவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. அது நமக்கானதல்ல.

அமெரிக்காவுல இருக்கிற என் சித்தப்பா மகன் டர்போடேக்ஸ்னு ஒண்ணு சொல்றான். அதை இங்க போட முடியாதா?

முடியாது. அது அந்த நாட்டுச் சட்டத்துக்கு எழுதியது. நம் ஊர் விலக்கு, நம் ஊர் விகிதம் எதுவும் அதில் இல்லை.

இதைவிட நமக்குப் பெரிய தொல்லை வேறு ஒன்று. யூடியூபில் தமிழில் ‘வருமான வரி தாக்கல் செய்வது எப்படி’ என்று தேடினால் வருவதெல்லாம் இந்தியாவைப் பற்றியது. பான் கார்டு, ஐடிஆர், 80சி, ஜூலை 31 என்று பேசுவார்கள். தெளிவாகத்தான் பேசுவார்கள், ஆனால் நமக்கு ஒரு காசுக்கும் உதவாது. பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, ஜூலை வரை நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தான். நமக்கு, அதாவது சம்பளக்காரருக்கு, பி.இ பாரத்தின் தேதி ஏப்ரல் 30. இ-ஃபைலிங்கில் செய்பவர்களுக்கு மே 15 வரை சலுகை நாள் விடுவதுண்டு. அந்த ஆண்டு என்ன அறிவித்திருக்கிறார்கள் என்பதை ஹாசில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சம்பளத்துல மாசாமாசம் பிசிபி வெட்டிடுறாங்களே, அப்புறம் எதுக்கு நான் தாக்கல் செய்யணும்?

பிசிபி என்பது மாத வரிப் பிடித்தம், கம்பெனி உங்கள் சார்பில் முன்பணமாகக் கட்டுவது. நீங்கள் கைப்பேசி வாங்கியது, அம்மாவுக்கு மருத்துவச் செலவு செய்தது எல்லாம் கம்பெனிக்குத் தெரியாது. அதனால் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டியிருப்பார்கள். தாக்கல் செய்தால்தான் அந்தக் கூடுதல் பணம் திரும்பி வரும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள் பிசிபியையே இறுதி வரியாக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அப்படி விட்டால் திரும்ப வர வேண்டியது வராது. எனக்குத் தெரிந்து தாக்கல் செய்து நட்டப்பட்டவர் எவருமில்லை.

முதல் தடவை செய்யறேன். உள்ள நுழையவே தெரியல.

முதலில் வரி எண் வேண்டும். இப்போது அது ‘ஐஜி’ என்று தொடங்கும். பழைய எஸ்ஜி, ஓஜி எழுத்துகளை 2023இல் மாற்றிவிட்டார்கள். அடுத்து பின் எண். அதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அல்லது ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஹாசில் கிளைக்குப் போகலாம். பின் எண் கிடைத்ததும் மைடேக்ஸில் போட்டு, மின்னியல் சான்றிதழ் எடுத்து, கடவுச்சொல் அமைத்தால் முடிந்தது. அடுத்த ஆண்டு இதெல்லாம் தேவைப்படாது.

சிக்கினால் ஹாசில் தொலைபேசி எண் 03-8911 1000. ஏப்ரல் கடைசி வாரத்தில் அழைத்தால் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மார்ச்சிலேயே அழைத்துவிடுங்கள்.

அது தமிழ்ல இருக்கா? எங்க அம்மாவே செய்யணும்னு சொல்றாங்க.

இல்லை. மலாய், ஆங்கிலம் இரண்டுதான். ஆனால் பயப்படும் அளவுக்குச் சொற்கள் கிடையாது. மூன்றைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

‘பெலெபாசான்’ என்றால் விலக்கு. வருமானத்திலிருந்து கழிப்பது. ‘ரெபாட்’ என்றால் கணக்கிட்ட வரியிலிருந்தே நேராகக் கழிப்பது. ‘பொத்தோங்கான்’ என்பது பிடித்தம், பிசிபியில் வரும் முதல் ‘பி’ அதுதான். விலக்குக்கும் ரெபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயலிகள் தப்புச் செய்வது பெரும்பாலும் அங்கேதான். கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

நான் தொழிற்சாலையில வேலை செய்யறேன், சாயந்தரம் கிராப் ஓட்டறேன். எந்த பாரம்?

பி பாரம். சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு பி.இ. சொந்தத் தொழில் வருமானம் ஒரு ரிங்கிட் வந்தாலும் பி. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பதும் தொழில்தான், வார இறுதியில் திருமண வீட்டுக்குப் படம் எடுக்கப் போவதும் தொழில்தான். பி பாரத்துக்குத் தேதி ஜூன் 30.

கணக்குச் செயலி தேடும்போது இதை முதலில் பாருங்கள். பல இலவசக் கணிப்பான்கள் சம்பளக்காரரை மனத்தில் வைத்துச் செய்தவை. பெட்ரோல், டோல், கார் பராமரிப்புச் செலவில் தொழிலுக்கான பங்கைக் கழிக்க அவற்றில் இடமே இருக்காது. அப்படிப்பட்டதில் கிராப் வருமானத்தைப் போட்டால், செலவே இல்லாமல் சம்பாதித்த மாதிரி வரி காட்டிப் பயமுறுத்தும்.

சரி, மைடேக்ஸே போதும்னா ரசீதுக்கு மட்டும் ஏன் செயலி?

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ரசீதெல்லாம் ஒரு பழைய மைலோ டின்னில்தான் இருக்கும். சாமி அறை அலமாரிக்கு மேலே. ஒரு ஆண்டு ஹாசிலிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய கணக்குக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். டின்னைக் கவிழ்த்தோம். புத்தகக் கடை ரசீது இருந்தது. மருந்தகத்தினுடையது இருந்தது. கைப்பேசி வாங்கிய ரசீதும் இருந்தது, ஆனால் வெற்றுக் காகிதமாக. சூட்டில் அச்சடிக்கும் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து மொத்தமும் மறைந்துபோய், மேலே கடையின் முத்திரை மட்டும் லேசாகத் தெரிந்தது. உத்தரவாத அட்டையில் இருந்த எண்ணை வைத்துக் கடைக்காரர் மறுபடி அச்சடித்துக் கொடுத்ததால் தப்பித்தோம்.

ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாள் 7 மாதம் தாங்கினாலே பெரிது. அதனால் வாங்கிய அன்றே படம் எடுங்கள். அதற்குச் செயலி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், கூகுள் டிரைவில் ஆண்டுக்கு ஒரு கோப்புறை போட்டாலும் போதும். நான் பின்னதைத்தான் செய்கிறேன்.

அப்படியும் ஒரு ரசீதுச் செயலி வைக்கணும்னா என்ன பார்க்கணும்?

நான் முதலில் பார்ப்பது, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்பதை. மொத்தப் படங்களையும் ஒரு அட்டவணையோடு ஒரே தடவையில் இறக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். சின்ன நிறுவனங்கள் இரண்டு ஆண்டில் மூடிவிட்டுப் போகும், நமக்கு 7 ஆண்டு வேண்டும்.

அடுத்து, அதிலுள்ள பிரிவுகள் நம் ஊர் விலக்குப் பெயர்களோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ‘உணவு, பயணம், பொழுதுபோக்கு’ என்று பிரித்தால் அது வீட்டுச் செலவுக் கணக்கு, வரிக் கணக்கு அல்ல. நமக்கு வேண்டியது வாழ்க்கைமுறை விலக்கு (புத்தகம், கைப்பேசி, இன்டர்நெட் போன்றவை) 2,500, விளையாட்டு 1,000, மருத்துவம் 10,000, பெற்றோர் மருத்துவம் 8,000 என்று போகும் வரிசை. ஒவ்வொன்றிலும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டினால் நல்லது. நவம்பரில் அதைப் பார்த்து, பிள்ளைக்கு வாங்க வேண்டிய புத்தகத்தை டிசம்பருக்குள் வாங்கலாமா என்று முடிவு செய்யலாம்.

மாதச் சந்தா கேட்டால் வேண்டாம் என்பேன். ஆண்டுக்கு முப்பது நாற்பது ரசீது சேரும் வீட்டுக்கு அது அதிகம்.

எக்செல் போதாதா? எனக்கு அதுதான் பழக்கம்.

தாராளமாகப் போதும். தேதி, கடை, தொகை, எந்த விலக்கு, படத்தின் கோப்புப் பெயர் என்று ஐந்து பத்தி. அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: போன ஆண்டுக் கோப்பை நகல் எடுத்து இந்த ஆண்டுக்குப் பயன்படுத்தும்போது உச்சவரம்புகளும் பழையதாகவே வந்துவிடும். 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2025இல் சம்பாதித்ததற்கான கணக்கிலிருந்து, கல்வி, மருத்துவக் காப்புறுதி விலக்கு 3,000லிருந்து 4,000 ஆனது. மாற்றுத்திறனாளிக்கான தனி விலக்கு 6,000லிருந்து 7,000 ஆனது. முதல் வீடு வாங்கியவருக்கு வீட்டுக்கடன் வட்டி விலக்கு புதிதாக வந்தது: 2025 தொடக்கம் முதல் 2027 முடிவுக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தால், 500,000 ரிங்கிட் வரையுள்ள வீட்டுக்கு 7,000, அதற்கு மேல் 750,000 வரை 5,000. இதெல்லாம் பழைய கோப்பில் இருக்காது.

ஒரு கணக்குச் செயலி சரியா போடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இதற்கு நான் ஒரு சோதனைக் கணக்கு வைத்திருக்கிறேன். புதிதாக எந்தச் செயலி கண்ணில் பட்டாலும் முதலில் இதைத்தான் போடுவேன்.

மாதம் 4,500 சம்பளம் வாங்கும் ஒருவர். ஆண்டுக்கு 54,000. இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 5,940 கட்டியிருக்கிறார். கைப்பேசி 2,899க்கு வாங்கியிருக்கிறார். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) விலக்கு 350. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மனைவி வேலைக்குப் போகிறார், தனியாகத் தாக்கல் செய்கிறார்.

கையால் போட்டால்: சுய விலக்கு 9,000. இ.பி.எஃப் 5,940 கட்டியிருந்தாலும் விலக்கு 4,000 தான். கைப்பேசி 2,899 ஆனாலும் வாழ்க்கைமுறை விலக்கு 2,500 தான். சொக்சோ 350. பிள்ளைக்கு 2,000 வீதம் 4,000. மொத்தம் 19,850. வரிக்குரிய வருமானம் 34,150. முதல் 20,000க்கு வரி 150, மீதி 14,150க்கு 3 விழுக்காடு 424.50, ஆக 574.50. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாததால் ரெபாட் 400 கிடைக்கும். கட்ட வேண்டியது 174 ரிங்கிட் 50 சென்.

செயலியும் 174.50 என்று காட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். 574.50 என்று காட்டினால் அதற்கு ரெபாட் தெரியவில்லை. வேறு ஏதாவது காட்டினால் உச்சவரம்புகளைப் பாருங்கள். 35,000க்கு மேலுள்ள படிகளில் விகிதம் 2023 மதிப்பீட்டு ஆண்டில் மாறியது, அதற்கு முந்தைய அட்டவணையோடு இன்னும் சில சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கணக்கு 35,000க்குள் இருப்பதால் அது இதில் தெரியாது. 5,940ஐ அப்படியே விழுங்கிக்கொண்டு கழிக்கும் செயலியையும் நான் பார்த்திருக்கிறேன். நீக்கிவிட்டேன்.

என் பெரிய பொண்ணு படிக்கிறா, 19 வயசு. செயலி 8,000 விலக்குன்னு காட்டுது. எடுத்துக்கலாமா?

என்ன படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. வயதை மட்டும் கேட்டு 8,000 காட்டும் செயலி அரைகுறை. இங்கே டிப்ளோமா அல்லது அதற்கு மேல் முழுநேரமாகப் படித்தால் 8,000. மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம், ஏ-லெவல் போன்ற பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு என்றால் 18 வயது தாண்டியிருந்தாலும் 2,000 தான். ‘யூனிவர்சிட்டிக்குப் போறா’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டு அடிப்படைப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் நிறைய. சேர்க்கைக் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

மைடேக்ஸ்ல எல்லாமே தானா நிரப்பி வந்துடுச்சு. அப்படியே கையெழுத்து போட்டுடலாமா?

வேண்டாம். கம்பெனி முன்கூட்டியே விவரம் அனுப்பியிருந்தால் சம்பளம், பிசிபி, இ.பி.எஃப் எல்லாம் நிரம்பி வரும். அந்த விவரத்தைத் தட்டச்சு செய்வது என்னைப் போன்ற ஒரு கிராணிதான், நானும் தப்புச் செய்வேன். பிப்ரவரி முடிவதற்குள் கம்பெனி கொடுக்க வேண்டிய இ.ஏ பாரத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். அப்புறம், விலக்குகள் தானாக வராது. நீங்கள்தான் போட வேண்டும். ‘தானா வந்துச்சு’ என்று கையொப்பமிட்டு, வாழ்க்கைமுறை விலக்கு 2,500ஐ விட்டவர்கள் எங்கள் தொழிற்சாலையிலேயே ஆண்டுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

வருஷ நடுவுல வேலை மாறினேன். ரெண்டு இ.ஏ இருக்கு.

இரண்டையும் கூட்டித்தான் போட வேண்டும். நிரப்பி வந்த எண் ஒரு கம்பெனியுடையதாக மட்டும் இருக்கலாம், மேலே சொன்ன ஒப்பிடல் உங்களுக்கு இரட்டிப்பு அவசியம். பழைய கம்பெனி இ.ஏ அனுப்பாவிட்டால் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

சாட்ஜிபிடி கிட்ட கேட்டா எல்லாம் சொல்லுதே, அக்கா?

சொல்லும். தமிழில் கேட்டால் பாதி இந்தியக் கணக்காகச் சொல்லும், யூடியூப் கதைதான். ‘மலேசியா, 2025 மதிப்பீட்டு ஆண்டு, பி.இ பாரம்’ என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக் கேட்டால் பரவாயில்லை. ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம், ஒரு விலக்கு எதற்கெல்லாம் பொருந்தும் என்று கேட்க நல்லது. உச்சவரம்பு எண்ணுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், ஹாசில் தளத்தில் அந்த ஆண்டுக்கான பட்டியல் இருக்கிறது. ஐசி எண்ணையும் இ.ஏ பாரத்தின் படத்தையும் அதில் ஏற்றாதீர்கள்.

வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்துச்சு, வரி திரும்ப வாங்க இந்தச் செயலியைப் போடச் சொல்லுது.

போடாதீர்கள். தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே கோப்பு எதுவாக இருந்தாலும் அது வரிக்கானது அல்ல. உங்கள் குறுஞ்செய்தியில் வரும் பேங்க் சரிபார்ப்பு எண்ணைத் திருடத்தான். செயலி வேண்டுமென்றால் கூகுள் பிளேயிலோ ஆப் ஸ்டோரிலோ நீங்களே தேடி எடுங்கள், தளத்துக்கு முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டு, பேங்கிலிருந்து பணமும் போயிருந்தால், வேறு யாரிடமும் யோசனை கேட்டு நேரத்தைக் கடத்தாமல் பேங்கையும் 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணையும் உடனே அழையுங்கள். ரசீதுச் செயலி, கணக்குச் செயலி எதுவாக இருந்தாலும் பேங்க் கடவுச்சொல்லையோ மைடேக்ஸ் கடவுச்சொல்லையோ கேட்டால் அதோடு சரி, நீக்கிவிடுங்கள்.

புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பிள்ளைங்க விலக்கை யார் எடுக்கறது? சம்பளம் அதிகமானவர்னு செயலி சொல்லுது.

பெரும்பாலும் அது சரி. எப்போதும் சரியல்ல, அதற்கு மேலே போட்ட சோதனைக் கணக்கே சாட்சி.

அந்தக் கணவருக்குப் பிள்ளைகள் இல்லாமல் வரிக்குரிய வருமானம் 38,150. வரி 789. 35,000ஐத் தாண்டிவிட்டதால் ரெபாட் இல்லை. மனைவிக்கு வரிக்குரிய வருமானம் 60,000 என்று வைப்போம். அவர் இருப்பது 11 விழுக்காட்டுப் படியில். பிள்ளைகளுக்கான 4,000ஐ மனைவி எடுத்தால் வீட்டுக்கு மிச்சம் 440. அதையே கணவர் எடுத்தால் 789 வரி 174.50 ஆகிறது, மிச்சம் 614.50. விகிதம் குறைவானவர் எடுத்ததில் வீட்டுக்கு லாபம், ஏனென்றால் 35,000 என்ற கோட்டுக்குக் கீழே இறங்கியதும் 400 ரிங்கிட் ரெபாட் கூடவே வந்துவிட்டது. ஆளுக்கொரு பிள்ளை என்று பிரித்தால் கணவருக்கு 120, மனைவிக்கு 220, ஆக 340 தான். எல்லாவற்றிலும் மட்டம் அதுதான்.

அதனால் விதியை நம்பாமல் மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளையை இருவரும் முழுசாகக் காட்டக் கூடாது. இருவரும் தனித்தனியே வீட்டில் வெவ்வேறு நேரத்தில் தாக்கல் செய்து, இரண்டு பேரும் மூன்று பிள்ளைகளையும் போட்டுவிட்ட கதை எங்கள் தாமானில் நடந்தது. முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுத்த பணத்தைச் செயலி ‘நன்கொடை’ன்னு எடுத்துக்குது. ஹாசில் ஏத்துக்குமா?

ரசீதில் 44(6) பிரிவின்கீழ் அனுமதி பெற்ற அமைப்பு என்ற குறிப்பு இருந்தால் ஏற்கும், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. இல்லையென்றால் ஏற்காது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்ட செலவு, உண்டியலில் போட்டது, அர்ச்சனைச் சீட்டு எல்லாம் புண்ணியக் கணக்கு, வரிக் கணக்கில் வராது. அனுமதிக்குக் காலவரம்பும் உண்டு, போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். ஹாசில் தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். செயலிக்கு இது எதுவும் தெரியாது, நீங்கள் ‘நன்கொடை’ என்று தட்டினால் அதுவும் சரி என்று கழித்துக்கொள்ளும்.

புக்கிட் மெர்த்தாஜாம்ல ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன். அதுக்குத் தனிச் செயலி வேணுமா?

ஒரு வீட்டுக்கு வேண்டாம். எக்செலில் இன்னொரு தாள் போடுங்கள். சாதாரணமாக வாடகைக்கு விட்டால் பி.இ பாரத்திலேயே காட்டலாம். வாடகையிலிருந்து வீட்டுக்கடனின் வட்டிப் பகுதி, வீட்டு மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழித்து மீதியைப் போட வேண்டும். மாதத் தவணை முழுவதையும் கழிக்கக் கூடாது, வட்டி மட்டும்தான். பேங்கின் ஆண்டறிக்கையில் வட்டி தனியாக இருக்கும்.

பெயின்ட் அடித்தது பழுதுபார்ப்பு. கார் நிறுத்துமிடத்துக்குப் புதிதாகக் கூரை போட்டது மேம்பாடு, கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைப் பிடித்துக் கொடுத்த முகவர் கட்டணமும் கழிக்க முடியாது.

சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கேன். கணக்கு சாஃப்ட்வேர் வாங்கலாமா?

இங்கேதான் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. எஸ்.கியூ.எல், ஆட்டோகவுண்ட் போன்ற உள்ளூர் மென்பொருள்களைப் பல கடைகளில் பார்க்கலாம். பி பாரத்துக்கு வேண்டிய லாப நட்டக் கணக்கு அவற்றிலிருந்து நேராக வரும். மின்னியல் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வந்தது. உங்கள் விற்பனை அளவு அந்த வரம்புக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தாலும் ஹாசிலின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். இதைக் காட்டிப் பயமுறுத்திப் பெரிய தொகுப்பை விற்க வருபவரிடம், என் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பில் என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

80 வெள்ளி கொடுத்தா ஒருத்தர் எல்லாம் செஞ்சு கொடுக்கிறார். செயலியெல்லாம் எதுக்கு?

அவர் உரிமம் பெற்ற வரி முகவரா என்று கேளுங்கள். என் மைத்துனர் இப்படித்தான் ஒரு அடுக்குமாடிவாசியிடம் கொடுத்தார். கடவுச்சொல்லும் அவரிடமே. பெரிய தொகை திரும்பி வந்தது, வீட்டில் பிரியாணி. அப்புறம் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான் பார்த்தோம், பெற்றோர் மருத்துவச் செலவு என்று முழு 8,000 போட்டிருந்தார். மைத்துனரின் பெற்றோர் இறந்து பத்தாண்டு ஆகிறது.

கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. யாராவது உதவினால் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும், கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள், கடைசியில் வரும் பாரத்தையும் ஒப்புகைச் சீட்டையும் பி.டி.எஃப்பாக வாங்கி வையுங்கள்.

அனுப்பின பிறகு தப்பு தெரிஞ்சா?

எந்தப் பக்கம் தப்பு என்பதைப் பொறுத்தது. வருமானத்தை விட்டிருந்தாலோ விலக்கைக் கூடுதலாக எடுத்திருந்தாலோ, உரிய நாளுக்குள் தாக்கல் செய்தவர் அந்தக் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஒரு தடவை திருத்தித் தரலாம். கொஞ்சம் கூடுதல் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் அவர்களே கண்டுபிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். விலக்கை எடுக்க மறந்து வரியைக் கூடுதலாகக் கட்டிவிட்டால் 5 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம், ரசீது இருக்க வேண்டும். மைலோ டின் கதை நினைவிருக்கட்டும்.

வரி கட்டணும்னு 600 வெள்ளி காட்டுது. இப்ப கையில இல்ல. தாக்கல் செய்யாம இருந்தா?

தாக்கலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தாக்கல் செய்யாதது ஒரு குற்றம், 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. பணம் கட்டத் தாமதமானால் 10 விழுக்காடு சேரும். 600க்கு 60 என்பது வலிக்கும், ஆனால் முதலாவதைவிடச் சின்னது. உரிய நாளுக்குள் தாக்கல் செய்துவிட்டு, தவணையில் கட்ட முடியுமா என்று கிளையில் கேளுங்கள்.

முதலில் அந்த 600 சரிதானா என்றும் பாருங்கள். போன ஏப்ரலில் இதே கேள்வியோடு வந்த தம்பிக்கு, இன்டர்நெட் பில், பிள்ளையின் தாடிக்கா (பாலர் பள்ளி) கட்டணம் இரண்டையும் போட்டதும் தொகை 100க்குக் கீழே வந்துவிட்டது. கேன்டீனில் தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியிலேயே கட்டிவிட்டுப் போனான்.